கொண்டைக்காரி

எண்ணெயில் போட்ட மீன் சத்தம் போடவில்லை.

லெத்தேரியா முதலில் அடுப்பைத்தான் சந்தேகப்பட்டாள். குனிந்து பார்த்தாள், நீலத் தழல் வாணலியின் அடியைத் தழுவிக்கொண்டு நன்றாகவே எரிந்தது. சூடு பார்க்கக் கிள்ளிப் போட்ட ரொட்டித் துணுக்கு ஓரத்தில் பொரிந்து, சிவந்து, கருகவும் ஆரம்பித்துவிட்டது. அதே எண்ணெயில், ரொட்டித்தூளும் பூண்டும் ஆட்டுப்பால் சீஸும் உலர்திராட்சையும் உள்ளே வைத்துச் சுருட்டிக் குச்சி குத்திய மீன் துண்டுகள் மட்டும், ஊறப் போட்ட துணி மாதிரி அப்படியே கிடந்தன. ஒரு 'சொய்' இல்லை. ஒரு குமிழி இல்லை. வாசனைகூட இல்லை. ஜலசந்திக் கரையின் இந்த ஃபாரோ முனையில் ஒரு வீட்டில் வாளை மீன் வறுத்தால் தெருவுக்கே தெரியும். எதிர்வீட்டுப் பூனை ஜன்னலில் வந்து உட்கார்ந்து நியாயம் கேட்கும். இன்றும் அது வந்தது. மோப்பம் பிடித்தது. காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு வந்த வழியே குதித்துப் போய்விட்டது.

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கன்சீரி ஏரிக்கரைக் கொட்டகையில் சிப்பி உரிக்கிறவள் அவள். வாய் பிளந்த சிப்பி, புழுத்த நண்டு, கோடை வெயிலில் கிடந்து பொங்கிய கணவாய்க் குடல், எதற்கும் முகம் சுளித்ததில்லை. "இவளுக்கு மூக்கு இருக்கிற இடத்துல சுவருதான் இருக்கு" என்று கொட்டகைப் பெண்கள் கேலி செய்வார்கள். அப்பேர்ப்பட்டவளுக்கு இன்று தன் வீட்டு வாணலியைப் பார்த்துக் குமட்டியது. வாசனை இருந்ததால் அல்ல, இல்லாததால்.

கரண்டியால் ஒன்றைப் புரட்டினாள். வெந்த மீன் வெளுக்கும், இறுகும். இது வெளுக்கவும் இல்லை, இறுகவும் இல்லை; கரண்டி பட்ட இடத்தில் குழிந்து, கரண்டியை எடுத்ததும் மெதுவாக, தனக்குத் தோன்றிய நேரத்தில், மறுபடி நிமிர்ந்துகொண்டது. அவளுக்கு அடிநாக்கில் எச்சில் ஊறிக் கசந்தது. அத்தனையையும் கொட்டிவிடலாம் என்று வாணலிப் பிடியில் துணியைச் சுற்றினாள்.

"என்னடி வறுக்குற?" என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

அவள் கை அப்படியே நின்றது. அவள் புருஷன் பிளாச்சிதோ சாப்பாட்டைப் பற்றி வாய் திறந்து கேட்டு மாதக்கணக்காகியிருந்தது. வாசனையே இல்லாத சமையல் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்ற கேள்வி அவளுக்குத் தோன்றவில்லை. சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

"வாளைச் சுருளுய்யா. உனக்குப் பிடிக்குமேன்னு" என்றாள். பொய்தான். அது வாளை இல்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

போன கோடை வரைக்கும் பிளாச்சிதோ, ஜாக்குமுவின் வாள்மீன் படகில் உச்சிக்காரன். அந்தப் படகுகளின் நடுவில் கோயில் மணிக்கூண்டு உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பம் நிற்கும். அதன் உச்சியில் ஒரு கூடைக்குள் நின்றபடி, காலையிலிருந்து வெயில் சாயும்வரை தண்ணீரையே குனிந்து பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவன் வேலை. ஆழத்தில் ஒரு நிழல் புரண்டால் கத்துவான். படகு திரும்பும், ஈட்டி பாயும். ஜலசந்தி முழுக்கத் தேடினாலும் தன்னைப் போலக் கண் யாருக்கும் கிடையாது என்று அவனே சொல்லிக்கொள்வான், மற்றவர்களும் மறுத்ததில்லை. அப்படிப்பட்டவன் காற்றில்லாத, அலையில்லாத ஓர் ஆகஸ்ட் நடுப்பகலில் அங்கிருந்து விழுந்தான். முதுகு உடைந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது.

அதைக்கூட லெத்தேரியா தாங்கிக்கொண்டாள். தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் அந்த மரத்துப்போன கால்களை வெந்நீரில் துடைத்து, ஆலிவ் எண்ணெய் தடவி, விரல் விரலாக நீவி விடுவாள். நீவினால் உயிர் திரும்பும் என்று யாரும் சொல்லவில்லை, அவளாகவே நம்பினாள். அவளால் தாங்க முடியாதது வேறு. அவன் சாப்பாட்டை விட்டுவிட்டான். எதை ஊட்டினாலும் வாயில் வைத்திருந்து, அவள் திரும்பியதும் துப்பினான். விலா எலும்புகளைத் தொட்டு எண்ணலாம் போல ஆகிவிட்டது. கிறிஸ்துமஸுக்குள் வாய்வழியாக இறங்கவில்லையென்றால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் குழாய் போட வேண்டும், அந்த உடம்பு அதைத் தாங்காது என்று டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார். அவள் மெழுகுவர்த்தி ஏற்றாத மாதா கிடையாது. கெஞ்சினாள், அழுதாள், திட்டினாள். "சாப்பிடுய்யா. எதையாவது சாப்பிடு. எதுவா இருந்தாலும் சரி" என்று முந்தின நாள்தான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கதறியிருந்தாள்.

அந்த வாரம் முழுக்க சிரோக்கோ அடித்தது. ஆப்பிரிக்காப் பக்கமிருந்து வரும் அந்தச் சூட்டுக் காற்று டிசம்பரிலும் சுவரை வியர்க்க வைக்கும், படுக்கையைப் பிசுபிசுக்க வைக்கும், நல்லவர்களையும் சிடுசிடுக்க வைக்கும். ஆனால் அதில் ஒரு லாபம் உண்டு. காற்றும் நீரோட்டமும் முட்டிக்கொண்டு ஜலசந்தியின் அடிவயிற்றைப் புரட்டி மேலே கொண்டுவரும். விடிகாலையில் கரையில் வாளை துள்ளிக்கொண்டு கிடக்கும். வலையும் வேண்டாம், படகும் வேண்டாம். வாளியோடு போனால் போதும். கூடவே வெளிச்சம் தெரியாத ஆழத்துப் பிறவிகளும் ஒதுங்கும்: வயிறெல்லாம் விளக்கு வைத்தவை, பல்லைத் தவிர வேறொன்றும் இல்லாதவை. அவற்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

லெத்தேரியா போய்ச் சேர்வதற்குள் மற்றப் பெண்கள் வாளி நிறைய அள்ளிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"ஏன்டி இவளே, கடல் உனக்காகக் கடையைத் தொறந்தே வச்சிருக்கும்னு நெனச்சியா?" என்று ஒருத்தி சிரித்தாள்.

கரையில் கொண்டைக்காரி மட்டும் கிடந்தது.

ஆள் நீளம். பட்டையாக, நாடா மாதிரி, இரண்டு விரல் தடிமன்கூட இல்லாத உடம்பு. செதில் கிடையாது, மேலே வெள்ளியைக் கரைத்துப் பூசினாற்போல ஒரு தோல், விலாவில் கறுப்பாகச் சில வட்டப் பொட்டுகள். முதுகு நெடுக ரத்தச் சிவப்பில் துடுப்பு, அது தலையில் கொண்டையாக நிமிர்ந்து நிற்கும். காப்பிக் கோப்பையின் வாயளவுக்குக் கண்கள். அதைக் கையால் தொடக்கூடாது. குதிகாலால் தண்ணீருக்குள் தள்ளிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட வேண்டும். ஏன் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை, ஆனால் நேற்று நடை பழகிய குழந்தைகூட அப்படித்தான் செய்யும்.

லெத்தேரியாவும் குதிகாலை வைத்தாள். தள்ளவில்லை. கொண்டையையும் தலையையும் எடுத்துவிட்டால் வாளைக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது என்ற எண்ணம் வந்துவிட்டது. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். அடுத்தவர் பசிக்காக அலைகிறவளுக்கு அது இன்னும் வேகமாகப் பறக்கும். ஆபத்துக்குப் பாவமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மண்டியிட்டாள்.

அப்போதுதான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். வாள்மீனைப் படகில் ஏற்றியதும் முதல் வேலையாக அதன் கண்ணுக்குப் பக்கத்தில் நான்கு விரல் நகத்தால் மேலிருந்து கீழே ஒரு கீறல், குறுக்கே ஒரு கீறல், சிலுவையாகப் போடுவார்கள். இந்த ஜலசந்திக்காரர்களின் வழக்கம் அது. எங்களுக்கு இரையானாய், உனக்கு நன்றி, இனி நமக்குள் பகையில்லை என்று அர்த்தம். பிளாச்சிதோ எத்தனையோ மீனுக்குப் போட்டிருக்கிறான். குறி போட்டுவிட்டால் இதுவும் நம்முடையதாகிவிடும், தோஷம் கழிந்துவிடும் என்று அவள் நினைத்தாள். அந்தப் பெரிய கண்ணுக்குப் பக்கத்தில் நகங்களை வைத்துக் கீறினாள்.

அது செத்திருக்கவில்லை. வாய் மெல்லத் திறந்து, ஒரு குழாய் மாதிரி முன்னால் நீண்டு நீண்டு வந்தது, எதையோ முத்தமிடப் போவதைப் போல. பிறகு உள்ளே போய்விட்டது. அவள் கத்தியை எடுத்து அவசர அவசரமாகத் தலையை அறுத்துக் கடலில் வீசினாள், துடுப்பைப் பிய்த்தாள். வால் பக்கம் வந்தபோது அங்கே வெட்ட ஒன்றும் இல்லை. வால் முன்னமே போயிருந்தது. ரொட்டியைக் கத்தியால் அறுத்தாற்போல நேரான முனை, ரத்தமில்லாமல், மேலே வெள்ளித் தோல் மூடி. கையைக் கடல் தண்ணீரில் எவ்வளவு தேய்த்தும் நகக்கண்ணில் ஏறிய வெள்ளி போகவில்லை.

வறுத்த சுருள்களைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். பிளாச்சிதோ தின்றான்.

முதல் சுருளை அவள் ஊட்டினாள். இரண்டாவதை அவனே பிடுங்கிக்கொண்டான். பல் அரைபடும் சத்தம் கேட்கவில்லை. உதட்டைக் குவித்து, உறிஞ்சி, உள்ளே இழுத்துக்கொண்டான். ரொட்டித்தூளும் திராட்சையும் கடைவாயில் வழிந்து தாடையில் ஒட்டின. மீனை மட்டும் உறிஞ்சிவிட்டு மசாலாவைத் துப்புகிறான் என்று புரிந்தபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் கண்ணில் நீர் வந்தது. மாதாவே, சாப்பிடுகிறான்.

"இன்னும் இருக்கா?" என்றான்.

"இருக்குய்யா. நாளைக்கும் இருக்கு."

அவன் தலையணையை ஒதுக்கிவிட்டு நேராக நிமிர்ந்து உட்கார்ந்தான். முதுகு உடைந்த நாளிலிருந்து முட்டுக் கொடுக்காமல் அவன் உட்கார்ந்ததே இல்லை. அவள் குலுங்கிக் குலுங்கி அழுதுவிட்டாள்.

மிச்ச மீனைக் கிண்ணத்தில் போட்டுத் தட்டால் மூடி வைத்திருந்தாள். மறுநாள் திறந்தபோது துண்டுகள் தண்ணீர் விட்டுக் கலங்கி, மேலே பால் ஏடு மாதிரி வெள்ளி படிந்திருந்தது. அதற்குள் விரலை விடத் துணிச்சல் வரவில்லை. ஈரமான பழைய இரும்பை முகர்ந்தாற்போல ஒரு குளிர்ச்சி மட்டும் மூக்கில் ஏறியது. வறுக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், அப்படியே கொடு என்றான். கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தான். தொண்டை ஏறி இறங்கியதைப் பார்க்காமல் அவள் ஜன்னல் கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலி கிண்ணத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள், எலுமிச்சை போட்டுத் தேய்த்தாள். வெள்ளி கிண்ணத்தில் இருந்தது. கரண்டியில் இருந்தது. கதவுப் பிடியில், தண்ணீர்க் குழாயில், அவன் தலையணை உறையில், அவன் உதட்டோரத்தில், நத்தை ஊர்ந்த தடமாக எங்கும் இருந்தது.

மீன் அத்தோடு தீர்ந்தது. மறுநாள் அவன் தன் கால்களைத் தொட விடவில்லை.

வெந்நீரும் எண்ணெயுமாக அவள் போர்வையை விலக்கப் போனபோது மணிக்கட்டைப் பிடித்தான். பிடி சில்லென்று இருந்தது.

"வேணாம். நானே பாத்துக்குறேன்."

"நீ எப்படிய்யா பாப்ப? உனக்குக் கை எட்டாதே."

"எட்டுது" என்றான். சிரித்தான் போலிருந்தது. அவன் கண் அவளைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தது.

அவள் கொட்டகைக்குப் போகிற நேரத்தில் மத்தியானம் அவன் தங்கை நத்தாலா வந்து உட்கார்ந்திருப்பாள். அன்று லெத்தேரியா திரும்பியபோது நத்தாலா வாசலிலேயே மலர்ந்து நின்றாள்.

"அண்ணி, அண்ணன் மூஞ்சியில களை வந்திருச்சு! கன்னத்தைப் பாத்தீங்களா? ஆனா நான் கொண்டுவந்த பாஸ்தாவ வாயில வச்சுட்டுத் துப்பிட்டாரு. பசிக்கலியாம்."

"பசிக்கலியா?"

"காலையிலேயே வயிறாரச் சாப்பிட்டாச்சுன்னாரு. எங்க அண்ணனுக்கு மட்டும் என்னத்த ஒளிச்சு வச்சு ஊட்டுறீங்க? சொன்னா நானும் ரெண்டு வாய் தின்னுட்டுப் போவேன்ல?"

லெத்தேரியா சிரிக்கப் பார்த்தாள். காலையில் அவள் ஒன்றும் கொடுக்கவில்லை. வீட்டில் கொடுக்க ஒன்றும் இல்லை.

நத்தாலா சொன்னது உண்மைதான். அவன் தேறிக்கொண்டிருந்தான். நாளுக்கு நாள் கன்னம் உப்பியது, தோல் மினுங்கியது, கண்கள் பெரிதாகின. பாலைத் தள்ளினான், முட்டையைத் தள்ளினான், அவள் கடன் சொல்லி வாங்கி வந்த நல்ல வாளையை முகர்ந்துகூடப் பார்க்காமல் தள்ளினான். ஆனாலும் மாலையில் அவள் வீட்டுக்குள் நுழையும்போது அவன் வாய் அசைந்துகொண்டிருக்கும். மெல்லுகிற அசைவல்ல, உறிஞ்சுகிற அசைவு. அவளைக் கண்டதும் நின்றுவிடும். கட்டிலில் கம்பம் நட்டாற்போல நிமிர்ந்து உட்கார்ந்து, முகத்தை மேலே தூக்கி, இருட்டுக் கூரையில் ஏதோ கடந்து போவதற்காகக் காத்திருப்பான். அவள் பக்கத்து அறையில் நாற்காலியில் தூங்கப் பழகிக்கொண்டாள். புருஷனைப் பார்க்க அருவருப்பாக இருக்கிறது என்று சொல்லிப் பாவமன்னிப்புக் கேட்கலாம் என்று கோயில் வரைக்கும் போனாள். உயிர் பிழைத்து வருகிறவனைப் பற்றி அதை எப்படிச் சொல்வது? திரும்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து படகுக்கார ஜாக்குமு ஒரு புட்டி ஒயினோடு வந்தார். சமையலறை மேசையில் உட்கார்ந்தார். அவள் காப்பி ஊற்றினாள். கோப்பையை வாங்கப் போனவர் அவள் விரலைப் பார்த்தார்.

"நகத்துல என்னம்மா வெள்ளி?"

"வாளை அறுத்தேன் அண்ணே."

"வாளை வெள்ளி கழுவினா போயிரும்."

அவள் கையை ஏப்ரனுக்குள் ஒளித்துக்கொண்டாள். ஜாக்குமு காப்பியைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் மேசையின் பலகையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"கொண்டைக்காரிய நான் கடலுக்குள்ளயே பாத்திருக்கேன், தங்கச்சி. அது மத்த மீன் மாதிரி படுத்து நீந்தாது. தலைய மேல வச்சு நட்டுக்க நிக்கும். மேல வெளிச்சத்துல என்ன போகுதுன்னு பாத்துக்கிட்டே நிக்கும். எதுவும் போகலேன்னா, தன் வாலத் திங்கும். கரையில ஒதுங்கினதுல எதுக்காவது முழு வால் இருந்து பாத்திருக்கியா நீ?"

அவள் ஏப்ரனுக்குள்ளேயே நகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தொட்டதுகூடப் போகட்டும். அதுக்கு நம்ம குறி எதுவும் போடலியே?"

"இல்லண்ணே" என்றாள். பிறகு, "போட்டா என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

"யாருக்குத் தெரியும்? ஒருத்தரும் போட்டதில்லையே. நீ எனக்கு இரை, உனக்கு நன்றின்னு சொல்ற வழக்கம் அது. மனுசங்க நாம வச்சுக்கிட்ட மரியாதை. அதைப் போயி அதுக்குக் கத்துக் குடுப்பாங்களா?"

"ஜாக்குமு அண்ணே" என்று உள்ளறையிலிருந்து பிளாச்சிதோ கூப்பிட்டான். குரலில் ஈரம் இருந்தது. "உள்ள வாங்க. உங்களப் பாக்கணும்."

ஜாக்குமு எழுந்து அறை வாசல்வரை போனார். அங்கேயே நின்றார். அவர் தோளுக்கு அப்பால் லெத்தேரியாவுக்குக் கட்டிலின் ஓரம் மட்டும் தெரிந்தது. அவர் சிலுவை போட்டுக்கொண்டார். திரும்பி அவளைப் பார்க்காமல், தொப்பியை எடுக்காமல், கதவைச் சாத்தாமல் போய்விட்டார். படியில் அவர் ஓடுகிற சத்தம் கேட்டது. ஜாக்குமு ஓடி அவள் பார்த்ததே இல்லை.

மறுபடி சிரோக்கோ கிளம்பியிருந்தது. அவள் சமையலறையை விட்டு நகரவில்லை; நான்கு மணிக்கே பொழுது மங்கிவிட்டது. அடைத்த ஜன்னலின் சட்டங்களைக் காற்று உலுக்கியது, சுவரில் வியர்வை இறங்கியது, குழாய் சொட்டியது, எங்கோ ஒரு கயிறு கம்பத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. அவற்றுக்கு நடுவில், நெருக்கமாக, இன்னொரு சத்தம். ஈரமான துணியைக் கல்லிலிருந்து மெல்ல உரித்து எடுப்பதைப் போல.

அவள் அறைக்குள் போனாள்.

சத்தம் நின்றது.

அவன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். தாடையெல்லாம் வெள்ளி. கண் மூடவில்லை, இமைக்கவில்லை. அவள் அவனைப் பார்க்கவில்லை. போர்வையைப் பார்த்தாள். சாம்பல் நிறக் கம்பளி, அவளே துவைத்துப் போட்டது. கால்மாட்டில் அது தட்டையாக இருந்தது.

தட்டையாக.

பாதம் இரண்டும் எழும்பி நிற்க வேண்டிய இடத்தில் ஒன்றும் எழும்பவில்லை.

போர்வையின் நுனியைப் பிடித்தாள். அவன் தடுக்கவில்லை. இழுத்தாள்.

விரல்கள் இல்லை. பாதம் இல்லை. கணுக்கால் இல்லை. அவள் நாள் தவறாமல் எண்ணெய் நீவிய கால்கள் முழங்காலோடு முடிந்திருந்தன. ரத்தம் இல்லை. புண் இல்லை. விரிப்பில் ஒரு கறை இல்லை. கத்தியால் அறுத்த ரொட்டி மாதிரி நேரான முனைகள். மேலே வெள்ளித் தோல். ஒரு முனையில் மட்டும் தோல் இன்னும் மூடவில்லை. அது எச்சிலில் நனைந்திருந்தது.

காலையிலேயே வயிறாரச் சாப்பிட்டாச்சு.

அவள் அங்கேயே வாந்தி எடுத்தாள். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, முன்பு கெஞ்சிய அதே இடத்தில், வெறும் வயிறு வலிக்கிறவரை எடுத்தாள்.

"அழாதடி" என்றான் பிளாச்சிதோ. "வலிக்கல. அதுலதான் உணர்ச்சியே இல்லையே."

அவள் போர்வை நுனியால் வாயைத் துடைத்தாள்.

"அன்னிக்கி நான் வழுக்கி விழல, லெத்தேரியா. யார்கிட்டயும் சொன்னதில்ல. இத்தன வருசமா நான் குனிஞ்சு கடலையே பாத்துட்டிருந்தேன்ல? அன்னிக்கி தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சு. அடியில, ரொம்ப அடியில, அது நின்னுட்டிருந்துச்சு. நட்டுக்க. மேல என்னையே பாத்துக்கிட்டு. அந்தக் கண்ணுதான் என்னைக் கீழ இழுத்துச்சு. அது அப்பத்தான் வந்துச்சுன்னு நெனைக்கிறியா? நான் பாத்த காலமெல்லாம் அதுவும் பாத்துருக்குடி."

கயிறு கம்பத்தில் அடித்தது. குழாய் சொட்டியது.

"பசிக்குது" என்றான்.

"என்ன வேணும்?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "சொல்லு. நத்தாலாவக் கூப்பிடுறேன். டாக்டரக் கூப்பிடுறேன்."

"நீதானே சாப்பிடு சாப்பிடுன்னு கெஞ்சின. எதுவா இருந்தாலும் சரின்ன. நானும் சாப்பிட்டேன்." அவன் முகத்தைக் கூரையிலிருந்து மெதுவாக இறக்கினான். "முட்டிக்கு மேல வாய் எட்ட மாட்டேங்குது."

அவள் எழ முயன்றாள். மணிக்கட்டு அவன் கையில் இருந்தது. எப்போது பிடித்தான் என்று தெரியவில்லை. சில்லிட்ட பிடி. வழுவழுப்பு. இழுத்தாள். வரவில்லை.

"கிட்ட வா."

ஊட்டும்போது உட்காரும் இடத்துக்கே அவளை இழுத்தான். கட்டிலின் ஓரம். முகத்துக்கு நேரே முகம். அவன் கண்ணில் கறுப்பு மட்டும் இருந்தது, கோப்பை அளவுக்கு. அதில் அவள் சின்னதாக, மேலே, வெளிச்சத்தில் மிதந்துகொண்டிருந்தாள்.

மற்றக் கையைத் தூக்கினான். நான்கு விரல்களையும் சேர்த்தான். அவள் கண்ணுக்குப் பக்கத்தில் நகங்களை வைத்தான். அவசரமில்லாமல், பழகின கையாக, மேலிருந்து கீழே கீறினான். பிறகு குறுக்கே.

"நன்றிடி" என்றான்.

அவன் உதடுகள் குவிந்தன. முன்னால் வந்தன. நீண்டன.